பீன்யாவின் வேர்கள் – 6: பர்மா எல்லையில் ஒரு விமானப் பட்டறை

பெங்களூரின் பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் ஒரு சின்னப் பட்டறை. தகரக் கூரை, நான்கு லேத், ஒரு மில்லிங் மெஷின். புதிதாக வாங்கிய சி.என்.சி. மட்டும் கண்ணாடித் தடுப்புக்குள் தனியாக நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் கூலன்ட் வாடை மூக்கில் ஏறும். எழுபது வயதைத் தாண்டிய டர்னர் ஒருவர் அங்கே இன்னும் வேலைக்கு வருகிறார். பூர்வீகம் கிருஷ்ணகிரிப் பக்கம்; பிறந்து வளர்ந்தது பெங்களூர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்திருக்கும் பையன்கள் முடித்த ஜாபை அவர் கையில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மைக்ரோமீட்டரை எடுப்பதற்கு முன்னால் அவர் கட்டைவிரல் நகத்தால் விளிம்பை ஒருமுறை வருடிப் பார்க்கிறார். "பர் இருக்குப்பா, எடுத்துட்டு வா" என்று திருப்பிக் கொடுக்கிறார். பையன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறான். கண்ணுக்குப் பிசிர் ஒன்றும் தெரியவில்லை. நகத்துக்குத் தெரிந்திருக்கிறது.

"இதை யார் கத்துக் கொடுத்தாங்க ஐயா?" என்று கேட்டேன்.

"எங்கப்பா தம்பி. அவரு எச்.ஏ.எல்.ல இருந்தாரு. அவருக்குக் கத்துக் கொடுத்தது ஒரு அமெரிக்காக்காரன். மிலிட்டரி ஆளு."

அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. அமெரிக்க ராணுவ மெக்கானிக் ஒருவன் பெங்களூருக்கு எதற்காக வந்தான், ஒரு தமிழ்த் தொழிலாளிக்குப் பக்கத்தில் நின்று எதற்காக ராவும் வேலை சொல்லிக் கொடுத்தான்? பீன்யாவின் வேரைத் தேடிப் புறப்பட்ட இந்தத் தொடர், இந்த ஒரு கேள்விக்காக இந்த வாரம் பர்மாவுக்குப் போய்த்தான் திரும்பவேண்டியிருக்கிறது.

பர்மாவின் ஷான் மலைப் பகுதியில் நம்காம் என்று ஓர் ஊர். ஷ்வேலி ஆற்றின் பள்ளத்தாக்கு. அதற்கு எதிரே, சீன எல்லைக்குள், லோய்விங். 1939இல் அந்தக் காட்டுப் பகுதியில் ஒரு விமானத் தொழிற்சாலை முளைத்தது. அமெரிக்காவிலிருந்து வரும் இயந்திரமும் உதிரிப்பாகமும் ரங்கூன் துறைமுகத்தில் இறங்கும். அங்கிருந்து ரயிலில் லாஷியோ. லாஷியோவிலிருந்து லாரியில், புத்தம்புதிதாகத் திறந்திருந்த பர்மா சாலை வழியே மலை ஏறும். சீனாவின் கடற்கரையில் பெரும்பகுதி ஜப்பான் கைக்குப் போய்விட்ட நாட்கள் அவை. சியாங் கை ஷேக்கின் படைக்கு மூச்சு விட இருந்த சில துவாரங்களில் இந்தப் பர்மா வழியும் ஒன்று.

தொழிற்சாலையின் பெயர் சென்ட்ரல் ஏர்கிராஃப்ட் மேனுஃபாக்சரிங் கம்பெனி, சுருக்கமாகக் காம்கோ. அதை நடத்தியவர் வில்லியம் டக்ளஸ் பாலி. 1896இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்தவர். தகப்பனார் கியூபாவில் வியாபாரம் செய்தவர் என்பதால் சிறுவயதிலேயே கரீபியன் தீவுகளில் வளர்ந்தவர். கியூபாவில் விமானக் கம்பெனி தொடங்கி, அதைப் பான் அமெரிக்கன் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, 1933இல் சீனாவுக்கு வந்து சேர்ந்தார். கர்டிஸ் போர் விமானங்களைச் சியாங்கின் அரசுக்கு விற்றார். பிறகு, விற்பதோடு நிற்பானேன் என்று ஹாங்சோவில் பட்டறை போட்டு அங்கேயே விமானங்களைப் பூட்ட ஆரம்பித்தார். 1937இல் ஜப்பான் படை ஹாங்சோவை நெருங்கியதும் பட்டறையை ஹாங்கோவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஹாங்கோவும் போகும் நிலை வந்ததும் பர்மா எல்லைக்கு வந்தார். அப்படி வந்த இடம்தான் லோய்விங்.

பாலியை வெறும் முதலாளி என்று எழுதினால் பாதி உண்மைதான் ஆகும். அவருடைய வியாபாரத்தில் கம்பெனி எங்கே முடிகிறது, ராணுவம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. 1941இல் அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. சீனாவுக்கு உதவ அமெரிக்க விமானிகளை அனுப்பவேண்டும். ஆனால் அரசு அனுப்பியதாகத் தெரியக்கூடாது. வழி என்ன? விமானிகள் தங்கள் படைப் பதவியை ராஜினாமா செய்தார்கள். காம்கோவின் ஊழியர்களாகக் கையெழுத்துப் போட்டார்கள். சம்பளம் மாதம் 600 முதல் 750 டாலர் வரை. சுட்டு வீழ்த்தும் ஒவ்வொரு ஜப்பானிய விமானத்துக்கும் 500 டாலர் தனி. பர்மாவின் டவுங்கூ விமானதளத்தில் அவர்களுக்குப் பயிற்சி நடந்தது. 'பறக்கும் புலிகள்' என்று உலகம் கொண்டாடிய படை, காகிதத்தில் ஒரு தனியார் கம்பெனியின் சம்பளப் பட்டியலாக இருந்தது. அவர்களுடைய பி-40 விமானங்கள் பெட்டி பெட்டியாக ரங்கூனில் இறங்கியபோது அவற்றைப் பூட்டிக் கொடுத்ததும் காம்கோவின் ஆட்கள்தான்.

இதற்கெல்லாம் முன்னால், 1939 அக்டோபரில் ஒரு விமானப் பயணம் நடந்தது. நம் கதை திரும்பும் இடம் அது.

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஆசியாவுக்குப் பசிபிக் கடலைத் தாண்டிப் பறந்தவை பான் அமெரிக்கனின் கிளிப்பர் விமானங்கள். தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்து எழும் பெரிய பறக்கும் படகுகள். ஒரே மூச்சில் பறக்க முடியாது. ஹொனலூலு, மிட்வே, வேக், குவாம், மணிலா என்று தீவு தீவாக இறங்கி, இரவு தங்கி, மறுநாள் கிளம்பும். பயணம் ஒரு வாரத்தை நெருங்கும். பயணிகள் சில பேர்தான். ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே தீவில் படுத்து எழுந்தால், யாரும் யாருக்கும் அந்நியராக இருக்க முடியாது. அப்படி ஒரு கிளிப்பரில் பாலிக்குப் பழக்கமானவர், காந்தி குல்லாய் போட்ட ஒரு பம்பாய் முதலாளி. பெயர் வால்சந்த் ஹீராசந்த்.

வால்சந்த் 1882இல் சோலாப்பூரில் ஒரு குஜராத்தி ஜைனக் குடும்பத்தில் பிறந்தவர். ரயில்பாதைக் காண்டிராக்டில் ஆரம்பித்தவர். பாலம், சுரங்கப்பாதை என்று கட்டிக் கட்டி மேலே வந்தார். இன்றும் இருக்கிற ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனி, 1926இல் அவர் போட்ட விதை. அமெரிக்காவுக்கு அவர் போனது இந்தியாவில் கார் தொழிற்சாலை தொடங்க வழி தேடி. விமானம் அவர் திட்டத்திலேயே இல்லை.

ஆனால் அவருக்கும் பர்மாவுக்கும் பழைய கணக்கு ஒன்று இருந்தது. அதைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை.

தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அதை மூச்சுத் திணறவைத்ததும் நமக்குப் பாடப்புத்தகக் காலத்திலேயே தெரியும். அதே வெள்ளைக் கம்பெனியோடு பதின்மூன்று வருஷம் கழித்து மோதியவர் வால்சந்த். 1919இல் நரோத்தம் மொரார்ஜி முதலான நண்பர்களோடு சேர்ந்து சிந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். முதல் கப்பல் 'லாயல்டி'. குவாலியர் மகாராஜா முதல் உலகப்போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்காக மருத்துவமனைக் கப்பலாக வாங்கி நடத்தியது அது. போர் முடிந்து விலைக்கு வந்தபோது வால்சந்த் கூட்டணி வாங்கியது. 1919 ஏப்ரல் 5ஆம் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. இந்தியா தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுவது அந்த நாளைத்தான்.

சிந்தியாவின் சரக்குத் தொழிலில் பெரிய பங்கு பர்மா அரிசி. ரங்கூனிலிருந்து இந்தியத் துறைமுகங்களுக்கு வரும் அரிசி மூட்டைகள்தான் வருமானம். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி தூத்துக்குடியில் கையாண்ட அதே ஆயுதத்தை எடுத்தது. ரங்கூன் – பம்பாய் அரிசிக் கட்டணத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கியது. வ.உ.சி. சிறைக்குப் போனார், அவர் கம்பெனி 1911இல் மூடியே போனது. வால்சந்த் தாக்குப்பிடித்தார். ஆனால் 1923இல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் தலைவர் லார்டு இஞ்ச்கேப்போடு செய்துகொண்ட உடன்படிக்கையில் இத்தனை டன்னுக்கு மேல் கப்பல் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று பத்து வருஷத்துக்குக் கையைக் கட்டிக்கொள்ளவேண்டி வந்தது. முழுத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரசாங்கம் யார் பக்கம் நிற்கிறதோ அவன்தான் கடலில் ஜெயிப்பான் என்ற பாடத்தை அந்தப் பர்மா அரிசியில்தான் அவர் படித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பிறகு அவர் எடுத்த ஒவ்வொரு பெரிய காரியத்திலும் அரசாங்கத்தின் ஆர்டரை முதலில் கேட்டார்.

கிளிப்பரில் பாலி தன் லோய்விங் பட்டறையைப் பற்றிச் சொன்னார். சீனக் கூலிகளை வைத்துக்கொண்டு, மலைக்காட்டில், அமெரிக்க விமானத்தைப் பூட்டிப் பறக்கவிடுகிறேன் என்றால் வால்சந்த் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற ஆளா? அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்ற எண்ணம் அந்தப் பயணத்திலேயே ஒரு திட்டமாகிவிட்டது. பாலி தொழில்நுட்பமும் ஆட்களும் தருவது. வால்சந்த் முதலும் இடமும் தேடுவது. இந்திய அரசு விமானங்களை வாங்கிக்கொள்வது.

தில்லி அசையவில்லை. இயந்திரமும் அலுமினியமும் பிரிட்டனுக்கே போதாதபோது இந்தியாவில் எதற்குத் தொழிற்சாலை என்பது வெளியில் சொன்ன காரணம். காங்கிரஸ்காரர்களோடு நெருக்கமான ஒரு சுதேசி முதலாளி கையில் போர் விமானத் தொழிலைக் கொடுப்பதா என்பது உள்ளே இருந்த காரணம். 1940 ஜூனில் பிரான்ஸ் ஹிட்லர் காலில் விழுந்தது. அதன்பிறகு தில்லியின் குரல் மாறியது. சில வாரங்களில் பேச்சு முடிந்தது: ஹார்லோ பயிற்சி விமானம், கர்டிஸ் ஹாக் போர் விமானம், வல்டீ குண்டுவீச்சு விமானம் என மூன்று வகைக்கு ஆர்டர்.

இடம் எது என்ற கேள்விக்கு விடையாக மைசூர் சமஸ்தானம் வந்தது. திவான் மிர்சா இஸ்மாயில் தொழிற்சாலை என்று காதில் விழுந்தாலே கதவைத் திறக்கும் மனிதர். நிலம் தருகிறோம், சிவசமுத்திரம் மின்சாரம் இருக்கிறது, தண்ணீர் தருகிறோம், பங்கும் போடுகிறோம் என்று முன்வந்தார். அந்த ஆகஸ்டில்தான் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலமாகி, இளம் ஜெயசாமராஜ உடையார் பட்டத்துக்கு வந்திருந்தார். அரண்மனையில் துக்கம், ஆனால் வேலை நிற்கவில்லை. பெங்களூர் டொம்லூர் சாலையில் 'ஈவன்டைட்' என்ற ஒரு பங்களாவில் ஆபீஸ் போட்டார்கள். 1940 டிசம்பர் 23ஆம் தேதி ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் லிமிடெட், சுருக்கமாக எச்.ஏ.எல்., பதிவானது. அங்கீகரித்த மூலதனம் 4 கோடி ரூபாய். 1941 மார்ச்சில் இந்திய அரசும் பங்குதாரராகச் சேர்ந்தது. வால்சந்த், மைசூர், தில்லி – மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு, ஆளுக்கு 25 லட்சம்.

லோய்விங்கில் என்ன நடந்தது என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கவேண்டும். 1940 அக்டோபரில் ஜப்பானிய விமானங்கள் அந்தத் தொழிற்சாலை மேல் குண்டு போட்டன. எல்லைக்கு அந்தப்புறம் நின்று வேலை செய்வது இனி ஆபத்து என்று ஆனது. லோய்விங்குக்கு என்று இருந்த ஹாக் விமான வேலை பெங்களூருக்குத் திரும்பியது. சீனாவில் பாலியிடம் வேலை பார்த்த ஆட்களும் பெங்களூருக்கு வந்தார்கள். எச்.ஏ.எல்.லைப் பற்றிப் பேசுகிறவர்கள் வால்சந்தையும் மிர்சாவையும் சொல்வார்கள். பர்மா எல்லைக் காட்டில் குண்டு விழுந்த ஒரு பட்டறை பெங்களூர்த் தொழிலுக்கு ஒரு தாய்வீடு என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

1941 ஆகஸ்டில் முதல் ஹார்லோ பெங்களூர் வானத்தில் பறந்தது. தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அடுத்த ஜூலையில் முதல் ஹாக். ஆனால் அந்த ஹாக் பறக்கும்போது கம்பெனி வால்சந்துடையதாக இல்லை.

1942ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களை நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். மார்ச் தொடக்கத்தில் ரங்கூன் விழுந்தது. 1931 கணக்கெடுப்பிலேயே ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். வழியில் காலராவுக்கும் பசிக்கும் எத்தனை ஆயிரம் பேர் போனார்கள் என்பதற்குச் சரியான கணக்கு எவரிடமும் கிடையாது. ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பில் குண்டு. 6ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் குண்டு. அங்கே வால்சந்தின் சிந்தியா கம்பெனி, பாபு ராஜேந்திர பிரசாத் கையால் அடிக்கல் நாட்டி, ஒரு வருஷம்கூட ஆகாத கப்பல் கட்டும் தளத்தை எழுப்பிக்கொண்டிருந்தது. அந்த வாரமே சென்னை காலியாகத் தொடங்கியது. ஏப்ரல் 29இல் லாஷியோவும் விழ, பர்மா சாலை அறுந்தது. எதிரி கைக்குப் போகக்கூடாது என்று லோய்விங்கில் மிச்சமிருந்ததை அங்கிருந்தவர்களே கொளுத்திவிட்டு ஓடினார்கள்.

அந்த ஏப்ரலிலேயே இந்திய அரசு வால்சந்தின் பங்குகளை வாங்கிக்கொண்டு, எச்.ஏ.எல். நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. மைசூர் தன் பங்கை வைத்துக்கொண்டது. நிர்வாக உரிமையைப் போர் முடியும்வரை விட்டுக்கொடுத்தது. போர் முனை வங்காள விரிகுடாவுக்கே வந்துவிட்டது, ராணுவத் தொழிற்சாலை தனியார் கையில் இருக்கக்கூடாது என்று அரசு சொன்ன காரணத்தை முழுவதும் தள்ளிவிட முடியாது. ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. விமானம் செய்யும் வேலையே ஓரம் கட்டப்பட்டது. விரல்விட்டு எண்ணக்கூடிய விமானங்களோடு உற்பத்தி நின்றுபோய், பெங்களூர் ஒரு ரிப்பேர் ஷெட்டாக ஆனது. இந்தியன் சொந்தமாக விமானம் செய்ய வேண்டாம். எங்கள் விமானத்தைப் பழுது பார்த்துக் கொடுத்தால் போதும் என்பதுதான் அதன் பொருள். இதை நான் அநியாயம் என்றே சொல்வேன். இரண்டு வருஷம் ஓடி ஓடி வால்சந்த் எழுப்பிய தொழில், செழிக்கும் முன்பே பிடுங்கி வேறு தொட்டியில் நடப்பட்டது.

அதே சமயம், அந்த ரிப்பேர் ஷெட்டில்தான் நம் டர்னரின் தகப்பனார் நிற்கிறார்.

1943 செப்டம்பரில் எச்.ஏ.எல். அமெரிக்க ராணுவ விமானப் படையின் பொறுப்புக்குப் போனது. பர்மா சாலை அறுந்ததால், அஸ்ஸாமிலிருந்து இமயமலையின் கிழக்கு முகடுகளைத் தாண்டி விமானத்திலேயே சீனாவுக்குச் சரக்கு போய்க்கொண்டிருந்தது. அந்தப் பாதையில் பறந்து நொந்துபோன விமானங்களும் என்ஜின்களும் ஓவர்ஹாலுக்குப் பெங்களூர் வந்தன. டகோட்டா வந்தது, லிபரேட்டர் வந்தது. காட்டலினா பறக்கும் படகுகள் பெள்ளந்தூர் ஏரியில் வந்து இறங்கின. நாலைந்து வருஷங்களுக்கு முன்னால் ஏரி நீரில் மாடு கழுவிக்கொண்டிருந்த ஊர்களில், இரட்டை என்ஜின் விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்குவதை ஜனங்கள் கரையில் நின்று பார்த்தார்கள்.

வேலைக்கு ஆள் வேண்டும், அதுவும் ஆயிரக்கணக்கில். கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழர்கள், சுற்றுக் கிராமத்துக் கன்னடர்கள், தெலுங்கர்கள், மலையாளிகள், ஆங்கிலோ இந்தியர்கள் என்று சேர்ந்தார்கள். கொல்லுப்பட்டறை தெரிந்தவன், சைக்கிள் ரிப்பேர் தெரிந்தவன், ஒன்றுமே தெரியாதவன். அவர்களுக்குப் பக்கத்தில் ஓர் அமெரிக்க மெக்கானிக். என்ஜினைக் கழற்று, கழுவு, அளந்து பார், தேய்ந்ததை ஒதுக்கு, திரும்பப் பூட்டு. அளவு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தவறினாலும் எங்கோ மலைமேல் ஒரு விமானி சாவான். கொல்லனுக்குக் கண்ணளவு போதும், இங்கே போதாது. அந்த ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் பட்டறைக்காரர்கள் 'தவ்' என்கிறார்கள். இப்போது கணக்கெல்லாம் மைக்ரானுக்கு மாறிவிட்டது. ஆனாலும் பீன்யாவில் பழைய ஆட்கள் வாயில் "ரெண்டு தவ் எடுத்துடு" என்பது இன்னும் வருகிறது. ஒரு நாட்டின் தொழில் எங்கே பிறக்கிறது என்று என்னைக் கேட்டால், இந்தச் சொல் ஒருவன் வாயில் இயல்பாக வரும் இடத்தில் என்று சொல்வேன்.

இதன் பக்கத்திலேயே இன்னொன்றும் நடந்தது. 1942 டிசம்பரில் இந்திய அறிவியல் கழகத்தில் விமானப் பொறியியல் துறை தொடங்கியது. அங்கிருந்து வந்த வி.எம்.காட்கேயின் கையில் எச்.டி.-2 என்ற பயிற்சி விமானம் உருவாகி 1951இல் பறந்தது. ரிப்பேர் ஷெட் தன் பிறவிக் காரியத்துக்குத் திரும்பிவிட்டது. அதே ஆண்டு எச்.ஏ.எல். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வந்தது.

அந்த இரண்டு முதலாளிகள் என்ன ஆனார்கள்? வால்சந்த் 1944இல் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸைத் தொடங்கிக் கார் ஆசையைத் தீர்த்துக்கொண்டார். விசாகப்பட்டினத்தில் 'ஜல உஷா' கப்பலை 1948இல் பிரதமர் நேருவே தண்ணீரில் இறக்கிவைத்தார். 1949இல் பக்கவாதம். 1952இல் கப்பல் தளத்தின் பெரும் பங்கும் அரசுக்குப் போனது. 1953 ஏப்ரல் 8ஆம் தேதி குஜராத்தின் சித்பூரில் காலமானார். பாலி, போர்க்காலத்திலேயே திருவிதாங்கூரில் அமோனியம் சல்பேட் உரத் தொழிற்சாலை வேலையிலும் கைவைத்துவிட்டு ஊர் திரும்பினார். பெருவுக்கும் பிறகு பிரேசிலுக்கும் அமெரிக்கத் தூதர் ஆனார். 1958 டிசம்பரில் கியூபாவின் சர்வாதிகாரி பாடிஸ்டாவைப் பதவி விலகச் சொல்லி ரகசியத் தூது போனவரும் இவரே. 1977 ஜனவரியில், மயாமி கடற்கரை வீட்டில், தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தார். எண்பது வயது.

பர்மாவுக்கு என்ன ஆனது என்பதுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. ரங்கூன் துறைமுகமும், லாஷியோ ரயிலும், ரங்கூனை அடுத்த மிங்கலாடன் விமான நிலையமும் பெங்களூரைவிட எந்த வகையிலும் குறைந்தவையாக இருக்கவில்லை. 1962 மார்ச் 2ஆம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருஷத்தில் கடை, வங்கி, ஆலை எல்லாவற்றையும் ராணுவ அரசு எடுத்துக்கொண்டது. பரம்பரையாக அங்கிருந்த லட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள். சென்னைக் கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜார் வந்த கதை அதுதான். 1988க்குப் பிறகு கதவு கொஞ்சம் திறந்தபோது, தளபதிகளுக்கு வேண்டியவர்களுக்கே திறந்தது. 1990இல் மர வியாபாரத்தில் ஹிட்டூ குழுமத்தைத் தொடங்கிய டே சா, 2004இல் ஏர் பகான் என்ற விமான நிறுவனம் வரை வளர்ந்தார். ராணுவ ஆட்சிக்கு ஆயுதத் தரகர் என்று சொல்லி 2008இல் அமெரிக்கக் கருவூலம் அவர் குழுமத்தின் மேல் தடையை விரிவாக்கியது. 2016இல் தடை நீங்கியது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு, 2022 ஜனவரியில் மறுபடியும் அவர்மேல் தடை வந்தது. ஏர் பகான் அதற்கு முன்பே பறப்பதை நிறுத்திவிட்டது. பர்மியர்கள் இப்படிப்பட்ட முதலாளிகளை 'குரோனி' என்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல் இப்போது பர்மியச் சொல்லாகவே ஆகிவிட்டது.

பாலிக்கும் வால்சந்துக்கும் டே சாவுக்கும் இடையே பெரிய வித்தியாசங்கள் உண்டு. ஆனால் மூவரும் ராணுவத்தின் ஆர்டரில் தொழில் கட்டியவர்கள். பெங்களூரில் அந்த ஆர்டர் ஒரு தொழிலாளி வர்க்கத்தின் கைக்கு இறங்கியது. பர்மாவில் அது தளபதிகளின் வட்டத்தைத் தாண்டவில்லை. மிங்கலாடனில் பி-40 பூட்டப்பட்டபோது கூடமாட நின்ற பர்மிய இளைஞன் ஒருவனாவது இருந்திருப்பான். அவன் மகனுக்கு ஒரு லேத் வைக்க இடம் கிடைத்ததா என்பதே என் கேள்வி.

இங்கே கிடைத்தது. 1953இல் பெங்களூரின் ஜலஹள்ளியில் இயந்திரக் கருவிகள் செய்யும் எச்.எம்.டி. வந்தது, அடுத்த வருஷம் மின்னணுக் கருவிகள் செய்யும் பி.இ.எல். எச்.ஏ.எல்.லில் கைபழகியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், தம்பிமார் அங்கே போனார்கள். பெரிய ஆலைகளுக்குச் சில்லறை உதிரிப்பாகம் செய்து தரச் சின்னப் பட்டறைகள் வேண்டியிருந்தன. 1970களின் கடைசியில் ஜலஹள்ளிக்குப் பக்கத்து வயல்களிலும் மேட்டுநிலத்திலும் பீன்யா தொழிற்பேட்டை எழுந்தது. வேலையை விட்டுவந்து, சேமநிதிப் பணத்தில் ஒரு பழைய எச்.எம்.டி. லேத் வாங்கி, மனைவி பெயரில் ஷெட் எடுத்தவர்கள் அங்கே ஏராளம். இன்று ஏர்பஸ் ஏ320 விமானத்தின் இறக்கைக்கான ஃபிளாப் ட்ராக் பீம்களைச் செய்து அனுப்பும் டைனமாட்டிக் டெக்னாலஜீஸ் வளர்ந்த மண்ணும் இதே பீன்யாதான்.

அந்த முதியவரிடம் லோய்விங் என்ற பெயரைச் சொல்லிப் பார்த்தேன். கேள்விப்பட்டதில்லை என்றார். பாலி? தெரியாது. வால்சந்த்? "ஃபோட்டோ பார்த்திருக்கேன் தம்பி." பிறகு டிபன் டப்பா வைக்கும் பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே அப்பாவின் இன்ச் மைக்ரோமீட்டர். பிடியில் எழுத்து தேய்ந்துபோயிருந்தது. திருகைச் சுழற்றினார். எண்பது வருஷம் ஆகியும் சத்தமில்லாமல் சுழன்றது. "வேலைக்கு எடுக்கறதில்ல. ஆனா மாசத்துக்கு ஒருதரம் எண்ணெய் போட்டுடுவேன்" என்றார்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1940க்கும் 1950க்கும் நடுவே எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்த தாத்தா, அப்பா, பெரியப்பா யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்கள் விட்டுப்போன அடையாள வில்லை, சம்பளச் சீட்டு, கருவி, ஒரு குரூப் ஃபோட்டோ எதுவானாலும் சரி, பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். முதலாளிகளின் பெயர்கள் எல்லாம் பதிவில் இருக்கின்றன. தொழிலாளிகளின் பெயர்கள் உங்கள் வீட்டுப் பெட்டிகளில்தான் இருக்கின்றன.

அடுத்த வாரம் ஜலஹள்ளி: இத்தாலியப் போர்க்கைதிகள் அடைபட்டிருந்த முகாம்களும், அவற்றுக்குப் பக்கத்தில் எழுந்த எச்.எம்.டி.யும்.

(தொடரும்)